மருமகள் கொடுத்த குச்சி

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் என் மாமனார் புறவாசல் வழியாக வந்து அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் துண்டு. முகமெல்லாம் சிரிப்பு. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

“மருமவளே, இன்னைக்குத்தான் குச்சி குச்சியா இருக்கு. என்னா கசப்பு!” என்றார்.

நான் தோசையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பேஸ்ட் புதுசு மாமா. வேம்பு போட்டதுன்னு கடையில குடுத்தாங்க. அதான் கசக்குது” என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. “வேம்புன்னா வேம்புதான்” என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டில் தோசையும் சட்னியும் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது அவர் சட்டையெல்லாம் வாந்தி. கை சில்லிட்டுப் போயிருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மைமூன் அக்காவைக் கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. ஆட்டோவில் மாமனார் தலை என் மடியில் கிடந்ததும், அந்த வாந்தி நாற்றமும்தான் நினைவில் இருக்கின்றன.

நின்ற இடத்தில் குளித்த வேலி

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று: என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் டிரைவர். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். மாமியார் இறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

வீட்டின் கிழக்குப் பக்க வேலி முழுக்க மாமியார் வைத்த செவ்வரளி. அம்மன் கோயிலுக்குப் பூக்கொடுப்பதற்காக வைத்தது. அந்த அம்மாள் இருந்தவரை தினமும் பூப்பறிப்பாள், பறிக்கிற சாக்கில் நுனியைக் கிள்ளிக்கொண்டே போவாள். வேலி சொன்னபடி கேட்டது. அவள் போன பிறகு பூவைப் பறிக்கவும் ஆளில்லை, நுனியைக் கிள்ளவும் ஆளில்லை.

சாரல் வந்தால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்க வரும். எங்கள் வேலிக்கு அந்த அலைச்சல் எதுவும் இல்லை. நின்ற இடத்திலேயே குளித்துக் குளித்து, என் தலைக்கு மேலே வளர்ந்து, தெருவில் போகிற ஆட்டோவின் படுதாவை உரசியது. வேலி மூலையில் முன்பு ஒரு வேப்பமரம் நின்றது. தெருவுக்குச் சிமெண்டு போட்டபோது அதை வெட்டிவிட்டார்கள். வேம்பு நின்ற இடத்தையும் அரளியே பிடித்துக்கொண்டது.

மைமூன் அக்கா கடையநல்லூர்க்காரர். அவர் வீட்டுக்காரர் துபாயில். இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம் என்பதால் எங்களுக்குள் ஒட்டுதல் அதிகம். ஆனால் அவர் ஆடு வளர்க்கிறார், நாங்கள் அரளி வளர்க்கிறோம்.

“கோமு, ஒங்க அரளி எங்க சொவரத் தாண்டி சாயுது. ஆடு எட்டி ஒரு கடி கடிச்சுட்டா அவ்வளவுதான் பாத்துக்க. வெட்டிப் போடு தாயி” என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பில்லை.

ஆள் பிடித்தேன். அவர் வெட்டரிவாளோடு வந்து, சாரலையும் பொருட்படுத்தாமல் இடுப்பு உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். வெட்டிய கிளைகளை வேலி மூலையில் இருந்த துவைகல் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

“இத யாரு அள்ளுவா?” என்று கேட்டேன்.

“வெட்டுததுக்குத்தான் பேச்சு. அள்ளுதது பேச்சுல இல்லக்கா” என்றார். அதிலும் தப்பில்லை.

யாருக்கும் வேண்டாத குவியல்

வேறு எந்தத் தழையாக இருந்தாலும் வெட்டிப்போட்ட அன்றைக்கே காணாமல் போய்விடும். மைமூன் அக்காவின் ஆடுகளே பாதியைத் தீர்த்துவிடும். மீதியை யாராவது அடுப்புக்கு என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அரளியை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், அதை இந்த உலகத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது.

குப்பை வண்டியில் வருகிற பெண்ணிடம் கெஞ்சினேன். “மக்குத குப்பைன்னா வாங்கிருவேன்க்கா. இது அரளில்லா. கொண்டு கொட்டுத எடத்துல மாடு மேயுது. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

எரிக்கலாம் என்றால் சாரலில் எல்லாம் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. எரிந்தாலும் அந்தப் புகை ஆகாது. ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் தள்ளிவிடச் சொல்லி யோசனை சொன்ன புண்ணியவான்களும் உண்டு. கீழே போய் அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கும், மனுஷன் குளிப்பான் என்பதெல்லாம் அவர்களுக்குக் கணக்கில் வராது.

வீடியோ காலில் என் வீட்டுக்காரருக்குக் குவியலைக் காட்டினேன். அவர் சிரித்தார். “கெடந்தா கெடக்கட்டும் ஏட்டி. லீவுல வருதேன்லா. ஒரு குழி தோண்டிப் புதைச்சிருதேன். அதுவரைக்கும் அது என்ன சோறா கேக்குது?” என்றார்.

கிடந்தது. இலை மட்டும் மெல்ல வாடியது. அரளிக் கம்புக்கு ஒரு குணம் உண்டு. நேராக, விரல் தடிமனில், கணு தெரியாமல் இருக்கும். இலையை உருவிவிட்டால் பார்ப்பதற்குக் குச்சி மாதிரியே இருக்கும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யாருமே யோசிக்கவில்லை.

பன்னி முடி

இங்கே என் மாமனாரின் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள்.

அருவிக்குப் போகிற வழியில் அவர் ரொம்பக் காலம் கடை வைத்திருந்தார். சீசனுக்கு வருகிறவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வருகிற சாமான்களெல்லாம் அங்கே கிடைக்கும். துண்டு, சோப்பு, சீப்பு, எண்ணெய், பல்பொடி, பிரஷ். நாள் முழுக்கப் பிரஷ் விற்பார். அவர் வாயில் மட்டும் அது போகாது. “பன்னி முடிய வாயில வச்சுத் தேய்க்கானுவ பாரு” என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் என்னிடம் சொல்லுவார். அது பன்றி முடியில்லை, பிளாஸ்டிக் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். “அப்ப அதவிட மோசம்லா” என்பார்.

அவருக்கு வேப்பங்குச்சிதான். எழுந்ததும் நேராகப் போய் வேலி மூலை வேம்பில் கை எட்டுகிற கிளையில் ஒன்றை ஒடிப்பார். கட்டைவிரலால் ஒரே இழுப்பில் இலையை உருவுவார். மென்றுகொண்டே துவைகல்லில் உட்காருவார். மகள் செண்பகம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவளுக்கும் ஒரு பிஞ்சுக் குச்சி ஒடித்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாராம்.

மறதி நோய் வந்த பிறகு, வெட்டிப்போன வேம்பைத் தேடிப் புறப்பட ஆரம்பித்தார். ஒரு தடவை இலஞ்சி வரைக்கும் போய்விட்டார். தெரிந்த ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கேட்டதற்கு, “குச்சி ஒடிக்கப் போனேன்” என்றார்.

அன்றிலிருந்துதான் நான் பிரஷ்ஷைப் பழக்கினேன். முதலில் தூக்கி எறிந்தார். அப்புறம் முறைத்தார். அப்புறம் ஒரு நாள், என்ன தோன்றியதோ, என் கையிலிருந்து வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். அதற்கும் அவர் வைத்த பெயர் குச்சிதான். தினமும் புறவாசலில் வந்து நின்று கையை நீட்டுவார். “மருமவளே, குச்சி.” பேஸ்ட் வைத்து அவர் கையில் கொடுப்பேன். வேறு யார் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பெற்ற மகளை மறந்துபோய் ‘இது யாரு?’ என்று கேட்கிற மனுஷன் என்னை மறக்கவில்லை அல்லவா?

ஏட்டையா கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் நாடி விட்டுவிட்டு அடிப்பதைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டில் அரளி இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், அது முறை என்றார்.

அரளி என்ற பேச்சு வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டு வழிதான். ஒன்று, அவரே தின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது கொடுத்திருக்க வேண்டும். தெரியாமல் நடந்தது என்று மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

நர்ஸ் அவர் சட்டையைக் கழற்றிப் பொட்டலமாக என்னிடம் கொடுத்தார். பையில் ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் பிரஷ். நான் வைத்துக் கொடுத்த பேஸ்ட் அப்படியே பையில் அப்பிக் காய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, குவியலில் போய் ஒரு குச்சி ஒடித்திருக்கிறார். கை அந்த மூலையைத் தேடிப் போயிருக்கிறது. வேம்பு இல்லை, அரளிக் கம்பு கிடைத்திருக்கிறது. கசந்தது. வேம்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

எனக்கு விளங்கி என்ன செய்ய? சுரண்டையிலிருந்து செண்பகம் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. பிரஷ்ஷைக் காட்டினேன். “இத வச்சு நான் என்ன மைனி செய்ய?” என்றாள்.

மாமனாருக்கு மறுநாள் பேச்சு தெளிந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்திருந்தார். கெட்டவர் இல்லை. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

“பெரியவரே, காலையில வாயில என்ன வச்சிய?”

“குச்சி.”

“யாரு குடுத்தா?”

மாமனார் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

“மருமவதான்.”

“அவங்களா கையில குடுத்தாங்களா?”

“அவதான் டெய்லி குடுப்பா. அவ குடுக்காம நான் எதையும் வாயில வைக்க மாட்டேன்.”

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். செண்பகம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பிரஷ்ஷத்தான் அவ்வோ குச்சின்னு சொல்லுதாவ” என்று நான் கத்தினேன். கத்தியது தப்பு. கத்துகிறவள் பேச்சை யார் நம்புவார்கள்? பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

“ஊரை விட்டு எங்கயும் போகாதீங்கம்மா. அந்தக் குவியல் அப்படியே கெடக்கட்டும். யாரும் கை வைக்க வேண்டாம்” என்று ஏட்டையா சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அள்ள ஆளில்லாமல் கிடந்த குவியலை, இப்போது அள்ளவும் கூடாது.

பாதியில் நின்றது

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் இறங்கிச் செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தார். பெட்டியைக் கூட இறக்கி வைக்கவில்லை. புறவாசலுக்குப் போய்க் குவியலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என் முன்னால் நின்றார்.

“ஏட்டி... நீ ஏதும்...”

அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. கேட்க முடியாததை நல்ல குணம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. முழுதாகக் கேட்டிருந்தால் நானும் முழுதாகப் பதில் சொல்லியிருப்பேன். பாதிக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கிடக்கட்டும் என்று சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

மாமனாரை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். செண்பகமும் கூடவே வந்தாள். அப்பாவுக்குச் சோறு அவள்தான் வடித்தாள். தண்ணீரை அவள்தான் மொண்டாள். நான் ஒரு டம்ளரை எடுத்தால் அவள் கண் அந்த டம்ளரோடு நகரும். என் வீட்டில், நான் துலக்கிய பாத்திரங்களுக்கு நடுவில், நான் களவாணி மாதிரி நின்றேன். தெருவில் மைமூன் அக்கா மட்டும் எப்போதும் போலப் பேசினார். மற்றவர்கள் பேசும்போது கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

“ஒனக்கும் ஒண்ணு?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை. சாரல் சற்று ஓய்ந்திருந்தது. மாமனார் வழக்கம்போலப் புறவாசலுக்கு வந்து, அடுக்களையில் இருந்த என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “மருமவளே, குச்சி.”

நான் அசையவில்லை. செண்பகம் வேகமாக வந்து பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்து அவர் கையில் திணித்தாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிரஷ்ஷைப் பதனமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துவைகல் பக்கம் நடந்தார்.

நானும் பார்த்தேன். செண்பகமும் பார்த்தாள். ஜன்னலோரம் நின்ற என் வீட்டுக்காரரும் பார்த்தார். மாமனார் குவியலில் குனிந்தார். ஒரு கம்பைப் பட்டென்று ஒடித்தார். கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வாடிய இலையை உருவினார். வாயருகே கொண்டு போனார்.

செண்பகம் போட்ட கூப்பாட்டில் மைமூன் அக்காவின் ஆடுகள் மிரண்டு கத்தின. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டு, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். உள்ளே எதுவும் போயிருக்கவில்லை. அவர் திகைத்துப்போய் நின்றார். பிறகு, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் மகளை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

“அழாத செண்பகம். ஒனக்கும் ஒண்ணு ஒடிச்சுத் தாரேன்” என்று மறுபடியும் குனிந்தார்.

அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தச் சகதியில் உட்கார்ந்து அழுதாள். நான் அடுக்களை நிலையை விட்டு நகரவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

குழி

என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போய்க் கண்ணால் கண்டதைச் சொன்னார். ஏட்டையா அன்றைக்கே வந்து, பிரஷ்ஷையும் குவியலையும் மாமனாரையும் மறுபடி பார்த்துவிட்டு, “எடுத்துப் போட்டுருங்க” என்று சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது.

மூன்று பேரும் சேர்ந்து அள்ளினோம். என் வீட்டுக்காரர் கொல்லையில் குழி தோண்டினார். நானும் செண்பகமும் கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு கட்டுக் கட்டாக இழுத்துப் போட்டோம். அரளிப்பால் ஒட்டிய துணியையும் உள்ளேயே போட்டு மூடினோம். எல்லாம் முடிந்து குழாயடியில் நிற்கும்போது செண்பகம், “கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க மைனி” என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். சாயங்காலம் சுரண்டை பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வருடச் சாரலில் அந்தக் குழியிலிருந்து நாலைந்து அரளி முளைத்து வந்தது. வெட்டிப் புதைத்த கம்புதான் வேர்விட்டிருக்கிறது. பிடுங்கினேன், மறுபடியும் வந்தது. அதைப் பார்க்க மாமனார் இல்லை. தைக்கு முன்னாலேயே, தூக்கத்திலேயே போய்விட்டார்.

செண்பகம் பஸ் ஏறிய மறுநாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர் புறவாசலுக்கு வந்தார். கையை நீட்டினார். “மருமவளே, குச்சி.”

நான் பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கொண்டுபோய்த் துவைகல் மேல் வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“கையில குடு மருமவளே.”

“கல்லுல இருக்கு மாமா. எடுத்துக்கிடுங்க.”

ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு தானே போய் எடுத்துக்கொண்டார். அவர் தேய்த்து முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, அவர் இருந்த கடைசி நாள் வரை அப்படித்தான். கல்லில் வைப்பேன், தள்ளி நிற்பேன். எதைச் சொன்னாலும் மறந்துவிடுகிற மனுஷன், எல்லாக் காலையிலும் முதலில் என்னிடம்தான் கையை நீட்டினார்.